அரைச் சுற்று

அவர் எங்கள் வீட்டுக்குள் வந்தால் முதலில் கலண்டரைத்தான் பார்ப்பார். கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த அந்த வீட்டில், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் அது தொங்கியது. கடற்காற்று யன்னலால் வந்து அதை எந்நேரமும் ஒரு பக்கமாகச் சரித்துவிடும். வருகிறவர்கள் எல்லோரும் விரலால் தட்டி நேராக்கிவிட்டுப் போவார்கள். அவர் தட்டமாட்டார். கிட்டப் போய், சுவரோடு கன்னத்தை வைத்து, கலண்டருக்குப் பின்னால் இருக்கும் ஆணியைப் பார்ப்பார்.

“கலண்டரில பிழையில்லைத் தங்கச்சி. ஆணி கீழ பாக்குது. நீங்கள் பத்துத்தரம் நேராக்கினா அது பத்துத்தரம் சரியும்.”

அடுத்த நாள் சுத்தியலோடு வந்து ஆணியைக் கழற்றி, ஒரு விரற்கடை தள்ளி அடித்தார். நாங்கள் அந்த வீட்டை விட்டு வரும்வரை கலண்டர் சரியவில்லை.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று அவரிடம் கேட்கவில்லை. கேட்க இப்போது வழியும் இல்லை. அவர் மொட்டைமாடியில் இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தார். நாங்கள் இரண்டாம் மாடி. காலி வீதியில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில், பின்னறையில் இருந்து வில்லை தீட்டுவதும் சட்டம் பொருத்துவதும் அவருடைய வேலை. வயது ஐம்பதுக்குக் கிட்ட இருக்கும். ஊர் யாழ்ப்பாணப் பக்கம் என்பது பேச்சில் தெரியும். குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார். துடைத்து முடியும்போது கேட்டவருக்கே கேள்வி மறந்துபோயிருக்கும்.

அவரைப் பற்றி நான் சொல்லவேண்டியது உண்மையில் ஒரு கொப்பியைப் பற்றியதுதான். அந்தக் கொப்பியில் இருந்த எழுத்து யாருடையது என்று ஒரு காலை எங்கள் படிக்கட்டில் வைத்துக் கேட்டார்கள். பதில் எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் சொன்னால் அவர் அந்த ஒரு காலைக்குள் அடங்கிப் போய்விடுவார். அவர் அதைவிடப் பெரிய ஆள்.

*

என் மகளுடைய கண்ணை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். அவளுக்கு அப்போது மூன்று வயது. படிக்கட்டில் அவளோடு கதைத்துக்கொண்டிருந்தவர் என்னிடம், “தங்கச்சி, பிள்ளையின்ர இடக்கண் உங்களைப் பாக்கேல்ல. உங்களுக்குப் பின்னால ஆரையோ பாக்குது” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. முதல் பிள்ளை. நாள் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டு இருக்கிறவள் நான். எனக்குத் தெரியாதது இவருக்கு எப்படித் தெரியும்? அன்று பின்னேரம் அவளை யன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்தேன். நேராக இருப்பதுபோல் இருந்தது. பிறகு இல்லாததுபோல் இருந்தது. கணவர் வேலையால் வந்ததும் அவரைப் பார்க்கச் சொன்னேன். அவர் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் வேலை, களைத்துப்போய் வருவார். “எனக்கு ஒண்டும் தெரியேல்ல. காட்டுறதெண்டால் காட்டு” என்றார்.

கண் வைத்தியர், ஒரு கண் வேலை செய்யச் சோம்பல்படுகிறது என்றார். நல்ல கண்ணை ஒவ்வொரு நாளும் நாலு மணித்தியாலம் பிளாஸ்டர் போட்டு மூடவேண்டும். அப்போதுதான் மற்றது பழகும்.

வைத்தியர் எழுதிக் கொடுத்த கண்ணாடியை மொட்டைமாடிக்காரர்தான் செய்து தந்தார். போட்டுப் பார்த்தபோது ஒரு பக்கம் ஏறி நின்றது. நான் சட்டத்தைப் பிடித்து வளைக்கப் போனேன்.

“விடுங்கோ, விடுங்கோ. கண்ணாடி கோணல் இல்லை. பிள்ளையின்ர காது ஒண்டு மேல இருக்கு.”

“ஐயோ! அதுவுமா?”

“எல்லாருக்கும் அப்பிடித்தான். உங்களுக்கும் இருக்கு. கண்ணாடியில போய்ப் பாருங்கோ, ராத்திரி நித்திரை வராது.”

அவர் சிரிக்காமல் பகிடி விடுவார். மகள் அவரை ‘வில்லு மாமா’ என்றுதான் கூப்பிடுவாள். பிளாஸ்டர் போட்டால் அழுவாள். கையைப் பிடித்துக்கொண்டு, கதிரையில் இடித்துக்கொண்டு, “அம்மா இருட்டு, அம்மா இருட்டு” என்பாள். எனக்குத் தாங்காது. இரண்டு மணித்தியாலத்தில் உரித்துவிடுவேன். பிறகு, பிழை செய்துவிட்டேனோ என்று இரவு முழுக்க யோசிப்பேன். அடுத்த நாளும் உரிப்பேன்.

அவர் ஒருநாள் அவளுடைய கண்ணைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். “நாலு மணித்தியாலம் ஒட்டியிருந்தா தோலில ஒரு வெள்ளை வட்டம் விழும். இதில வட்டமே இல்லை” என்றார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

*

வில்லுக்கு வருகிறேன்.

கொழும்பில், அந்த வருடங்களில், ஒரு தமிழ் ஆள் வீட்டில் வில்லும் அம்பும் வைத்திருந்தார் என்றால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். வன்னியில் சண்டை இறுகிக்கொண்டு வந்த காலம். நாங்கள் பிள்ளையின் பால்மா ரின்னைப் பையில் கொண்டுபோகும்போதுகூட, திறந்து காட்டுவதற்கு வசதியாக மேலேதான் வைப்போம். அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இல்லாமல் பாண் வாங்கவும் இறங்கமாட்டோம்.

அவருடைய வில் விளையாட்டுக்கானது. ஒரு விளையாட்டுக் கழகத்தின் கடிதமும் அனுமதிப் பத்திரமும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கும். கடைக்கு வந்த ஒரு சிங்கள ஐயா அம்பு எய்கிறவராம். குறி பார்க்கிறபோது மட்டும் கண்ணாடி சரிவரவில்லை என்று மூன்றுதரம் திருப்பிக் கொண்டுவந்தாராம். நாலாம்தரம் இவர், “நீங்கள் எப்பிடி நிக்கிறீங்கள் எண்டு பாக்காமல் நான் வில்லையில கை வைக்கமாட்டன்” என்று சொல்லி மைதானத்துக்கே போயிருக்கிறார். போனவர் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போகத் தொடங்கினார். நாடு விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய வில் ஒன்றையும் வாங்கினார்.

அது படங்களில் இராமர் பிடித்திருக்கிற வில் இல்லை. இரண்டு முனையிலும் சின்னச் சக்கரம்போலச் சில்லு வைத்தது. நாணின் இழைகளைப் பிரித்து, நடுவே பயறளவில் ஒரு கறுப்பு வளையம் செருகியிருக்கும். அம்பு எய்கிறவர்கள் அதைப் பீப் என்பார்கள். நாணை முழுக்க இழுத்து முகத்தோடு அணைக்கும்போது அந்த வளையத்தின் ஓட்டை கண்ணுக்கு நேரே வரவேண்டும். அதற்குள்ளால்தான் குறி பார்க்கிறது.

கடல் உப்பில் பழைய நாண் பஞ்சுபஞ்சாகப் பிரிந்துவிட்டது. புது நாண் வந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு பட்டறையில் மரச்சட்டமும் நீள ஆணிகளும் வைத்து வில்லை அமத்தி வளைக்கிற கருவி ஒன்று செய்வித்திருந்தார். அதில் வில்லைப் பூட்டி, ஆணிகளை முறுக்கி, நாணைத் தொய்ய வைத்து, புதியதை மாட்டினார். எல்லாம் சரி. ஆனால் இழுத்தால் வளையம் அவரைப் பார்க்கவில்லை. புது நாண் இழுபடும்போது முறுக்கு அவிழ்ந்து, வளையத்தையும் சேர்த்துத் திருப்பிவிடுகிறது. ஓட்டை சுவரைப் பார்த்தது.

இரண்டு கையும் வில்லில் இருக்கும்போது அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவரால் பார்க்க முடியாது. அதற்குத்தான் என்னைக் கேட்டார். பின்னேரங்களில் மகளையும் கூட்டிக்கொண்டு மேலே போவேன். கதவு திறந்தே இருக்கும். சுவரோடு தும்பு மெத்தையை நிமிர்த்தி வைத்து, அம்பைப் பொருத்தி, மெத்தையைப் பார்த்து மெல்ல இழுப்பார். அம்பு இல்லாமல் இழுக்கவேமாட்டார். கை தவறி வெறும் நாணை விட்டால் வில்லே உடைந்துவிடும் என்பார்.

“எங்க பாக்குது?”

“இடப்பக்கம் அண்ணை.”

“எவ்வளவு?”

“கொஞ்சம்... இல்லை, கனக்க. இல்லை, நான் சாய்ஞ்சு நிக்கிறன் போல.”

“கை நடுங்குது தங்கச்சி. கெதியாச் சொல்லுங்கோ. நாலு வீடு தள்ளித்தான் காவலரண்.”

“பாதி. பாதிதான்.”

இழுத்த நாணை மெல்லப் பழைய இடத்துக்கு விட்டுவிட்டு, வில்லைக் கருவியில் பூட்டி, மேல் முனையில் நாணை அரைச் சுற்று முறுக்குவார். பிறகு கீழ் முனையில் அரைச் சுற்றுத் தளர்த்துவார். ஒரு பக்கம் மட்டும் முறுக்கினால் நாணின் நீளம் மாறிவிடுமாம். நான் அவருக்காக அழகான எழுத்தில் கொப்பியில் எழுதுவேன். அவருடைய தமிழெழுத்து கோழி கிளறினதுபோல் இருக்கும். ஒரே சொல்லுக்குள் ஒரு எழுத்து கிழக்கே போகும், ஒன்று மேற்கே போகும். எல்லாவற்றிலும் கோணல் பார்க்கிறவர் தன் எழுத்தை மட்டும் பார்த்ததில்லை.

“இங்கிலிஷில எழுதுங்கோ” என்று அவர் முதல் நாளே சொன்னார்.

நான் தமிழில் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் அழகெழுத்துக்குப் பரிசு வாங்கினவள் நான். கலியாணம் கட்டிக் கொழும்புக்கு வந்தபிறகு சாமான் துண்டைத் தவிர எதுவும் எழுதவில்லை. கோடு போட்டுப் பிரித்து, திகதி, முறுக்கு, எய்த அம்பு, தூரம், பார்க்கும் திசை என்று தலைப்பிட்டேன். பக்கத்தில் வட்டம் வரைந்து, அதற்குள் ஓட்டை எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டேன். பார்க்க வடிவாக இருந்தது. அவரும் ஒருதரம் பார்த்துவிட்டு, “பாவம், இவ்வளவு வடிவான எழுத்து எனக்கு” என்றார். பிறகு இங்கிலிஷைப் பற்றிக் கதைக்கவில்லை. அவர் இரண்டாம்தரம் சொல்லியிருந்தால் மாற்றியிருப்பேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பழியை இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர் பக்கம் தள்ளப் பார்க்கிறேன்.

ஒருநாள் கழகத்து ஆள் யாரோ ஒரு மெல்லிய இறப்பர் குழாய் கொடுத்துவிட்டிருந்தார். வளையத்தில் ஒரு முனையையும் வில்லில் மறுமுனையையும் கட்டிவிட்டால், நாணை இழுக்கும்போது குழாயும் இழுபட்டு வளையத்தை நேராகத் திருப்பிவிடுமாம். நானும், “இதைக் கட்டிவிடுங்கோவன் அண்ணை, வேலை முடிஞ்சுது” என்றேன்.

“கட்டலாம். கனபேர் கட்டித்தான் எய்யினம். ஆனா ஒருநாள் அது அறுந்து கண்ணிலதான் அடிக்கும். இழுத்துப் பிடிச்சு நேராக்கினது நேரில்லை.”

“அப்ப ரெண்டு கிழமை சும்மா விடுங்கோ. தானாச் சரிவரும்.”

அவர் சிரித்தது எனக்கு ஞாபகம் இருப்பது அந்த ஒருதரம்தான். “சும்மா கிடந்தா நாண் பழகாது. இழுக்கோணும், விடோணும். நூறு இருநூறு அம்பு போகோணும். பாரம் தாங்கினாத்தான் அது தன்ர இடத்துக்கு வரும்.”

ஞாயிறுகளில் மைதானத்தில் எய்துவிட்டு வருவார். திங்கள் பின்னேரம் பார்ப்போம். கொஞ்சம் திரும்பியிருக்கும். மறுபடி அரைச் சுற்று. அப்படிப் பதினொரு பக்கம் நிரம்பியது. பதினோராம் பக்கத்தின் கடைசி வரி: ‘மேலே கால் சுற்று. கீழே கால் சுற்று. இன்னும் ஒரு நூலளவு வலப்பக்கம்.’

*

அவர்கள் வந்தது விடிய ஆறு மணிக்கு. ஆமியும் பொலிஸும் ஒழுங்கையை இரண்டு பக்கத் தெருமுனையிலும் அடைத்துவிட்டு, மாடி மாடியாக ஏறினார்கள். எங்களுக்கு அது புதிது இல்லை. ஆம்பிளைகள் கீழே போய் வரிசையில் நிற்பார்கள். பிள்ளைகள் இருக்கிற பெண்கள் படிக்கட்டுத் தட்டில் நிற்கலாம். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றேன். வைத்தியரிடம் போகிற நாள் என்பதால் நேரத்தோடே பிளாஸ்டர் போட்டிருந்தேன்.

வில்லைக் கொண்டுவந்தார்கள். அவரும் கூட வந்தார், கையில் கடிதத்தோடு. அதிகாரி கடிதத்தை வாசித்தார். கழகத்தின் பெயரைக் கண்டதும் முகம் இளகியது. சில்லைச் சுற்றிப் பார்த்து ஏதோ கேட்டார். இவர் சிங்களத்தில் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். எனக்கு மூச்சு வந்தது. முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது மேலேயிருந்து ஒருவர் கொப்பியைக் கொண்டு இறங்கினார்.

தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு பொலிஸ்காரர் கூட வந்திருந்தார். அவர் எங்கள் தட்டில் நின்றுகொண்டு சத்தமாக வாசித்தார். என் சொற்கள் எனக்கே வேறு மாதிரிக் கேட்டன. திகதி. தூரம் முப்பது. எய்தது இருபது. வலப்பக்கம் பார்க்கிறது. இடப்பக்கம் பார்க்கிறது. யார் பார்க்கிறது? எங்கே நின்று? அம்புக்குறி போட்ட வட்டங்கள் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக் காட்டினார். அவை சந்தியில் பிரிகிற வீதிகள்போலவும் இருந்தன. நான் வரைந்த நேரத்தில் ஒருநாளும் அப்படித் தோன்றவில்லை.

அதிகாரியின் முகம் பழையபடி இறுகியது. “கவுத மேக்க லிவ்வே?” என்றார். யார் இதை எழுதினது?

எனக்கும் அவருக்கும் நடுவே ஐந்து படி. எதில் கோணல் கண்டாலும் அது எங்கே தொடங்குகிறது என்று தேடிப் போகிற மனிதர், அந்த நேரம் என் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. அம்பு எய்கிறபோது நிற்பதுபோல நேரே முன்னால் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மம, சேர்.”

நான், சேர். அவ்வளவுதான்.

அதிகாரி கொப்பியையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். இவ்வளவு அழகான எழுத்தா என்பதுபோல ஏதோ கேட்டார். கண்ணாடிக் கடையில் நுணுக்கமான வேலை செய்து கை பழகிவிட்டது என்று இவர் சொன்னார்.

மகள் ஒற்றைக் கண்ணால் கொப்பியை எட்டிப் பார்த்தாள். “அது அம்மா...” என்று தொடங்கினாள். நான் அவளுடைய தலையைப் பிடித்து முகத்தை என் தோளோடு அழுத்தினேன். அவள் திமிறினாள். விடவில்லை. அவள் மூச்சுச் சூடு என் சட்டைக்குள்ளால் தெரிந்தது. அவர்கள் அவரையும் கொண்டு கீழே இறங்கிப் போகும்வரை அப்படியே வைத்திருந்தேன். விட்டபோது பிளாஸ்டர் பாதி கழன்று தொங்கியது.

கணவர் மேலே வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

“வாயைத் திறக்காதை. பிள்ளை இருக்கு.”

“என்ர எழுத்தப்பா அது.”

“தெரியும். வாயைத் திறக்காதை.”

அவர் அதைச் சொல்லவேண்டும் என்பதற்காகத்தான் நான் அவரிடம் சொன்னேனோ என்று பிறகு பலதரம் நினைத்திருக்கிறேன்.

*

ஆறு கிழமை, ஒன்றரை மாதம், அவரை உள்ளே வைத்திருந்தார்கள். கண்ணாடிக் கடை முதலாளி ஒரு வழக்கறிஞரைப் பிடித்தார். கழகத்து ஐயா யார் யாரையோ கண்டு கதைத்தார். என் கணவரும் ஒளித்து மறைத்து இரண்டுதரம் முதலாளியோடு போய் வந்தார். அதை நான் சொல்லாமல் விடக்கூடாது. நான் ஒவ்வொரு நாள் காலையிலும் போய்ச் சொல்வது என்று முடிவெடுப்பேன். என்ன சீலை உடுத்துவது, பிள்ளையைக் கீழ்வீட்டு அக்காவிடம் எத்தனை மணிக்கு விடுவது என்பதுவரை யோசிப்பேன். பிறகு, சொன்னால் அவரை விடுவார்களா, இல்லை இரண்டு பேரையும் வைத்திருப்பார்களா என்று தொடங்கும். மத்தியானம் பிள்ளைக்குச் சோறு தீத்துகிற நேரம் வந்துவிடும்.

அந்த ஆறு கிழமையும் மகளுக்கு நாலு மணித்தியாலமும் பிளாஸ்டர் போட்டேன். மணிக்கூட்டைப் பார்த்து. அவள் அழ அழ. ஒரு நிமிஷம் குறைக்கவில்லை. அது எனக்கு நான் கொடுத்த தண்டனை என்று நினைத்தேன். இருட்டில் இருந்தது அவள்.

அவர் ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வந்தார். மெலிந்திருந்தார். வலது கை காதுக்கு மேலே எழும்பவில்லை. “என்ன அண்ணை கை?” என்று கேட்டதற்கு, “நிலத்தில படுத்தது, குளிர் பிடிச்சிட்டுது” என்றார். மகளைக் கிட்டக் கூப்பிட்டு, இடது கையால் அவள் முகத்தைத் திருப்பி, கண்ணைச் சுற்றிப் பார்த்தார்.

“வட்டம் விழுந்திருக்கு. இப்ப நாலு மணித்தியாலமும் போடுறீங்கள். நல்லம்.”

வில் அதற்குப் பிறகுதான் வந்தது. யாரோ நாணை வெட்டியிருந்தார்கள். இழுவையில் இருக்கிற நாணை அப்படி வெட்டினால் வில்லின் இரண்டு கையும் ஒரேயடியாக உதறி வெடிக்கும். வெடித்திருந்தது. அவர் அந்த வெடிப்பின்மேல் விரலை ஓட்டிக்கொண்டு போனார்.

“சத்தத்தில அவங்களும் பயந்திருப்பாங்கள், பாவங்கள்” என்றார்.

நான் சிரிக்கவில்லை. சொல்ல வாயெடுத்தேன். “அண்ணை, அண்டைக்கு...”

“பொறுங்கோ தங்கச்சி, அடுப்பில தண்ணி கொதிக்குது.”

தண்ணீர் உண்மையாகவே கொதித்தது. அவர் எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டார். நானும் பொறுத்தேன். இன்னொரு நாள் சொல்லலாம், அவர் கொஞ்சம் தேறட்டும் என்று பொறுத்தேன். சொல்லி அவருக்கு நோவு கொடுக்கக்கூடாது என்று பொறுத்தேன். அவரே எதையும் அவசரப்படுத்தாத மனிதர்தானே, தானாக ஒரு நாள் நேருக்கு வரும் என்று பொறுத்தேன். படிக்கட்டில் கண்டால் வெய்யிலைப் பற்றிக் கதைத்தோம். கறி வைத்தால் ஒரு கோப்பையில் போட்டு மகளிடம் கொடுத்து மேலே அனுப்பினேன். கோப்பை கழுவித் திரும்பி வரும். மூன்று மாதம் இப்படிப் போனது. சும்மா கிடந்தால் பழகாது என்று அவர் எனக்குச் சொல்லியிருந்தார். அதையும் அதே பதினொரு பக்கத்தில் எங்கோ ஒரு ஓரத்தில் நான் எழுதி வைத்திருந்தேன்.

கடைசியில் ஒரு செவ்வாய், மகளுடைய கண்ணாடிக்குப் புது வில்லை மாற்றவேண்டும் என்ற சாட்டில் கடைக்கே போனேன். அங்கே வைத்துச் சொல்வது என்று முடிவு. மாடியில் என்றால் ஓடிவிடுவேன். பின்னறையில் விளக்கு எரியவில்லை.

முதலாளி முஸ்லிம் ஆள், நானா என்றுதான் கூப்பிடுவோம்; என்னைக் கண்டதும் எழுந்தார். “அவர் ஞாயித்துக்கிழமையே போயிட்டார் மகள். கனடாவில தம்பியாம். வழியில எங்கயோ கொஞ்ச நாள் நிக்கோணுமாம். உங்கட வீட்டில சொல்லேல்லையா?”

“இல்லை.”

“பிள்ளைக்கு வில்லை போட்டு வைச்சிட்டுத்தான் போனார். இதையும் தரச் சொன்னார்.”

ஒரு பழுப்பு உறை. மகளுடைய புதுக் கண்ணாடி. கறுப்பு வளையம். கொப்பி.

கொப்பியை அங்கே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுத் திறந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்தியிருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் எழுத்துக்குக் கீழே, அவர் எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார்: ‘மேலே உள்ளது என்னால் எழுதப்பட்டது.’ அவர்கள் எழுதச் சொல்லி எழுதியிருக்கிறார். திகதிகள் வேறு வேறு. முதல் பக்கத்தில் அதே கோழி கிளறின எழுத்து. யார் பார்த்தாலும் ஒரு கையில்லை என்று தெரியும். நாலாம் பக்கத்தில் எழுத்துகள் கொஞ்சம் நிமிர்ந்திருந்தன. ஏழாம் பக்கத்தில் ‘ழு’வின் கீழ்ச் சுழி என்னுடையதுபோல உள்ளே வளைந்திருந்தது. பதினோராம் பக்கத்துக்கு வரும்போது என் வரி எங்கே முடிகிறது, அவருடைய வரி எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை.

தூக்க முடியாத அந்தக் கையால் அவர் என் எழுத்தைப் பழகியிருக்கிறார். ஆறு கிழமையில். எத்தனைதரம் எழுதிப் பார்த்திருப்பார், எதில் எழுதிப் பார்த்திருப்பார், யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று முதலாளி நானாவுக்கும் தெரியாது. நாங்கள் இப்போது கல்கிசைப் பக்கம் இருக்கிறோம். சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். மகளுக்கு ஏழு வயது. இடக்கண் முக்கால்வாசி நேராகிவிட்டது. களைத்தால் மட்டும் எனக்குப் பின்னால் யாரையோ பார்க்கும். அவளுக்குப் பிறகு ஒரு பையன் பிறந்திருக்கிறான். அவனையும் யன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். வளையம் என் தையல் பெட்டியில் கிடக்கிறது. மகள் ஒருநாள் அதைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, “இதுக்குள்ளால ஒண்டும் பெரிசாத் தெரியேல்லையே அம்மா” என்றாள். வில்லு மாமாவை அவளுக்கு ஞாபகம் இல்லை. அந்தக் காலையும் ஞாபகம் இல்லை. நான் அழுத்திப் பிடித்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

இதை நான் அந்தக் கொப்பியிலேயே எழுதுகிறேன். பன்னிரண்டாம் பக்கத்தில் தொடங்கினேன். என் கணவருக்குத் தெரியாது, தெரிந்தால் பரவாயில்லை. இதற்கு முன்னால் இருக்கிற பதினொரு பக்கத்தையும், அடியில் அவர் எழுதிய வரிகளைத் தவிர்த்து, எழுதிய கை இதுதான். யாரும் பக்கம் புரட்டி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.